நாட்களை எண்ணாத அவைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
பிரதிநிதிகள் அவை, செனட் அவை உறுப்பினர்கள்,
அமெரிக்க காங்கிரஸ், வாஷிங்டன்.

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

திருப்பூரில் ஏற்றுமதி ஆவணங்கள் தயாரிப்பவன் நான். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் என்றே பொழுது போகிறது. இந்த 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதக் கூடுதல் வரி விழுவதும், அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனை என்பதும் நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றில்லை. நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அக்டோபர் 1 முதல் உங்கள் அரசாங்கமே பாதி பூட்டிக் கிடக்கிறது. பூட்டுத் திறந்த பிறகாவது இதைப் படியுங்கள்.

கேட்பது ஒன்றே. வரி போடவே கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்கள் நாடு, உங்கள் துறைமுகம். போடுவதானால் உங்கள் அவையில் வாக்கெடுத்துப் போடுங்கள். அவகாசம் கொடுத்துப் போடுங்கள். ஏற்கெனவே ஆர்டர் ஆகித் துணி வெட்டிய சரக்குக்கு, ஆர்டர் போட்ட நாளில் இருந்த வரியே செல்லும் என்று சட்டத்தில் எழுதுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், இந்தத் தண்டனை வரியைப் போட்ட உங்கள் அதிபரின் ஆகஸ்ட் 6 உத்தரவில் பெருந்தன்மையாக ஒரு சலுகை இருந்தது. ஆகஸ்ட் 27க்கு முன் கப்பலில் ஏறி, செப்டம்பர் 17க்கு முன் உங்கள் சுங்கத்தைக் கடந்துவிட்டால் புதிய தண்டனை வரி கிடையாது. இடையில் 21 நாள். எழுதியவர் ஒருமுறை வரைபடத்தைப் பார்த்திருக்கலாம். எங்கள் கன்டெய்னர் லாரியில் தூத்துக்குடி போகும். அங்கிருந்து சிறிய கப்பலில் கொழும்பு. கொழும்பில் பெரிய கப்பலுக்காகக் காத்துக் கிடக்கும். செங்கடல் ஆபத்து என்று ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போகிற கப்பல் கிடைத்தால் நியூயார்க் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கடைசி நாள்களில் ஏற்றியவர்களுக்கு அந்தச் சலுகை காகிதத்தில் மட்டும் இருந்தது.

ஏற்றாதவர்கள் கதையைச் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் சரக்குக்கு நூல் வாங்குவது கோடையிலேயே தொடங்கிவிடும். நிட்டிங், சாயம், துணி சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பாக்டிங், கட்டிங் எல்லாம் முடிந்து தைக்கிற பவர் டேபிளுக்கு வரும்போது ஆகஸ்ட். கழுத்தில் உங்கள் ஊர்க் கடையின் லேபிள், நெஞ்சில் கலைமான், கையில் தொங்கும் அட்டையில் டாலரில் விலை. அந்த நிலையில் ஆர்டர் கொடுத்த பையரிடமிருந்து, அதாவது சரக்கை வாங்கும் உங்கள் ஊர் நிறுவனத்திடமிருந்து, மின்னஞ்சல் வந்தது: ஷிப்மென்டை நிறுத்துங்கள், அல்லது வரியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கலைமான் போட்ட பனியனைக் கோபியிலும் தாராபுரத்திலும் யார் வாங்குவார்கள்? எனக்குத் தெரிந்த ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் செக்கிங் பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, சிறு டிரிம்மரால் ஒவ்வொரு கழுத்திலிருந்தும் லேபிளை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். லேபிளோடு வெளியே விற்றால் வழக்கு வரும். போன வாரம் அதே கைகள்தான் அந்த லேபிள் நேராக இருக்கிறதா என்று பார்த்து அனுப்பியவை. வெட்டிய உருப்படிகள் இங்குள்ள பனியன் சந்தையான காதர்பேட்டைக்கு, தேங்கிய சரக்கைத் தள்ளிவிடும் ஸ்டாக் லாட்டாகக் கிலோ கணக்கில் போயின. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் ஒன்றரை ஷிப்ட் ஓடவேண்டிய இடத்தில் ஒரு ஷிப்டே முழுதாக ஓடவில்லை. சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கிய கையோடு ஒடிசாவுக்கும் பீகாருக்கும் ரயிலேறியவர்கள் உண்டு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், அது என் தொழில். பருத்தி டி-ஷர்ட்டுக்கு உங்கள் நாட்டில் வெகுகாலமாக இருக்கும் வரி 16.5 சதவீதம். 5 டாலர் உருப்படிக்கு 82 சென்ட் சொச்சம். அதை நாங்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை, அதோடுதான் பிழைத்தோம். இப்போது மொத்தம் 66.5 சதவீதம், அதாவது 3 டாலர் 32 சென்ட். வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20தான். இந்த வித்தியாசத்தை எந்தத் தையல்காரரின் கைவேகமும் ஈடுகட்டாது. தமிழ்நாட்டின் சரக்கு ஏற்றுமதியில் 31 சதவீதம் உங்கள் நாட்டுக்குப் போகிறது என்று எங்கள் முதலமைச்சர் பிரதமருக்கு எழுதியிருந்தார். யாரை அடித்தால் எங்கே வலிக்கும் என்று உங்கள் தரப்பில் யாராவது பார்த்தார்களா என்பது சந்தேகம்.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. ஓவர்லாக் மெஷினுக்கு நாங்கள் விடும் எண்ணெய் ரஷ்யாவிலிருந்து வருவதில்லை. ரஷ்யக் கச்சா எண்ணெயை எங்களைவிட அதிகம் வாங்கும் சீனாவுக்கு அதற்காக இந்தத் தண்டனை இல்லை. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது என்று எங்கள் ஊரில் இதைத்தான் சொல்வார்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். வியப்பில்தான் எழுதுகிறேன். உங்கள் அரசியல் சாசனத்தின் முதல் பிரிவிலேயே வரி விதிப்பதும் அயல்நாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்துவதும் காங்கிரசின் அதிகாரம் என்று இருக்கிறது. 1930இல் ஸ்மூட்-ஹாலி சட்டத்தால் வரியை ஏற்றி, உலகமே பதிலுக்கு ஏற்றியதைக் கண்டு, 1934இல் அந்த அதிகாரத்தில் ஒரு பங்கை அதிபரிடம் கொடுத்தீர்கள். பேசி வரியைக் குறைத்துக்கொள்ளத்தான் கொடுத்தீர்கள். இன்று ஏற்றப்படும் வரிக்கு 1977ஆம் ஆண்டின் நெருக்கடிகாலச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். அது இந்த அதிகாரத்தைத் தரவில்லை என்று உங்கள் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்ட் 29 அன்று 7க்கு 4 என்று சொல்லிவிட்டது. நீங்கள் என்ன செய்தீர்கள்? உலக நாடுகள் மீதான வரியை நிறுத்தும் தீர்மானத்தைச் செனட்டில் ஏப்ரலில் வாக்கெடுத்து, 49க்கு 49 என்று நிறைவேறாமல் முடித்தீர்கள். பிரதிநிதிகள் அவை இன்னும் ஒரு படி மேலே போனது. கனடா, மெக்ஸிகோ வரிகளை எதிர்த்து வரும் தீர்மானத்தை இத்தனை நாளில் எடுத்தாகவேண்டும் என்ற விதியிலிருந்து தப்ப, இந்தக் கூட்டத்தொடரின் மிச்ச நாட்கள் எதுவும் நாட்களே ஆகாது என்று மார்ச்சில் ஒரு விதியை நிறைவேற்றியது. எங்களுக்கும் அப்படி ஒரு விதி கிடைத்தால் நன்றாக இருக்கும். ஷிப்மென்ட் ஒரு நாள் தாமதமானால் பையர் விமானச் சரக்குக் கட்டணத்தை எங்கள் தலையில் கட்டுகிறார்.

அமெரிக்கா தன் உலகத் தலைமையைத் தக்கவைக்குமா என்று உங்கள் அறிஞர்கள் தடித்தடியாக எழுதுகிறார்கள். ராணுவத்தையும் சீனாவையும் அளந்து பார்க்கிறார்கள். விமானந்தாங்கிக் கப்பல் 11 வைத்திருக்கிறீர்கள், அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது இது: உங்கள் ஊர் பையரின் ஒரு பக்க ஆர்டரைக் காட்டி இங்கே வங்கியில் கடன் வாங்கலாம், நூல் மில்லில் கடன் சொல்லலாம். வேறு நாட்டு ஆர்டருக்கு இரண்டு கேள்வி அதிகம் கேட்பார்கள். ஒரு குண்டும் போடாமல் நீங்கள் சம்பாதித்த பலம் அது. இப்போது உங்கள் ஆர்டருக்குத்தான் அந்த இரண்டு கேள்வி. பிரிட்டனோடு ஜூலையில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து, லாபம் கம்மியானாலும் பரவாயில்லை என்று லண்டன் பையர்களைத் தேடிப் போகிறார்கள்.

வர்த்தகப் பற்றாக்குறை என்ற புலம்பலும் எங்களுக்குப் புதிதல்ல. இந்தியா ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசுக்குக் குறையாமல் உறிஞ்சுகிறது என்று பழைய ரோமாபுரியின் அறிஞர் பிளினி எழுதிவைத்தார். அந்தக் கால வணிக ஊர்களான நொய்யல் கரையின் கொடுமணலும், மணிக்கல் எடுத்த படியூரும் எங்களுக்குப் பக்கத்து ஊர்கள். இந்தக் கொங்கு மண்ணில் தோண்டக் கிடைத்த ரோம வெள்ளிக் காசில் பெரும்பகுதி அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. பின்னால் நீரோ வெள்ளியைக் குறைத்த காசு இங்கே அவ்வளவாகத் தட்டுப்படவில்லை. காசைத் தட்டிப் பார்த்து வாங்கும் புத்தி அன்றைக்கே இருந்திருக்கிறது. உலக நாடுகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் 2000 வாக்கில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்த டாலர் இன்று 60க்குக் கீழே. இந்த மே மாதம் கடன் தரம் மதிப்பிடும் மூடிஸ் நிறுவனமும் உங்கள் கடன் தரத்தை ஒரு படி இறக்கிவிட்டது. முறையிடலாம் என்றால், உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வை உறுப்பினர் நியமனத்தைத் தடுத்தே 2019 டிசம்பரில் முடக்கிவிட்டீர்கள். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன்.

எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 5 அன்று உங்கள் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கைக் கேட்கப்போகிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும் அது இந்த ஒரு சட்டத்தைப் பற்றியது. நாளைக்கு வேறொரு பழைய சட்டத்தைத் தேடி எடுக்கமாட்டார்கள் என்பதற்கு உங்கள் அவையைத் தவிர யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அடுத்த கோடைக்கான சாம்பிள்கள் இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. பையர்கள் விலை கேட்கிறார்கள், எந்த வரியை வைத்துச் சொல்வது என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆகவே இந்தக் கூட்டத்தொடரிலேயே வாக்கெடுப்புக்கு ஒரு நாளைக் குறிக்கவும், வெட்டிய துணிக்கு ஆர்டர் நாளின் வரியே செல்லும் என்று எழுதித் தரவும் பணிவோடு வேண்டுகிறேன். அந்த நாளைத் தயவுசெய்து நாளாகவே எண்ணுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஏற்றுமதி ஆவண எழுத்தர்,
திருப்பூர், அக்டோபர் 2025.