துக்க வீட்டு வாணவேடிக்கை

அன்புள்ள சித்திக்கு,

போன தீபாவளிக்கு உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு கம்பி மத்தாப்புகூடக் கொளுத்தவில்லை என்று அம்மா சொன்னாள். சித்தப்பா தவறிய வருடம், பண்டிகை கிடையாது. நம் வழக்கம் அது. குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் ஆகஸ்ட் 17 ராத்திரி நான் பார்த்த வாணவேடிக்கையைப் பற்றி உங்களிடம்தான் முதலில் சொல்லவேண்டும் போலிருந்தது.

ஊர் பெயர் குமானோ. ஜப்பானின் மிஎ மாகாணத்துத் தென்பகுதியில், பசிபிக் கடலைப் பார்த்து இருக்கிறது. நகோயாவிலிருந்து விடிகாலையில் பேருந்தில் கிளம்பினோம், ராத்திரியே திரும்புவதாக ஏற்பாடு.

கடற்கரையில் மணல் இல்லை சித்தி, கூழாங்கல்தான். ஷிச்சிரி மிஹாமா என்கிற அந்தக் கரை சுமார் 22 கிலோமீட்டர் நீளம். அலை திரும்பும்போது கற்கள் உருளும் சத்தம், நீங்கள் சுளகில் அரிசி புடைப்பது மாதிரியே இருந்தது. ஓரமாக ஷிஷி இவா, சிங்கப் பாறை. 25 மீட்டர் உயரம், கடலைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிறது. ஓனிகாஜோ குகைகளைத் தூரத்திலிருந்துதான் பார்த்தோம், அன்று அங்கேயும் வெடி வைத்திருந்தார்கள்.

பக்கத்திலேயே ஹனா நோ இவாயா கோயில். கருவறை கிடையாது, 45 மீட்டர் பாறைதான் சாமி. இஸானமி என்னும் தாய்த் தெய்வம் நெருப்புத் தெய்வத்தைப் பெற்றபோது வெந்து இறந்தாளாம். அவளைக் குமானோவில் அடக்கம் செய்ததாக கி.பி. 720-இல் முடித்த நிஹோன் ஷோகி என்கிற பழைய வரலாற்று நூல் சொல்கிறது. ஊர்ஜனங்கள் பூ வைத்து, மேளமும் குழலுமாக ஆடிப்பாடி அவளைக் கும்பிட்டார்கள் என்றும் சொல்கிறது. எதிரிலேயே அந்த நெருப்புப் பிள்ளைக்கும் சின்னதாக ஓர் இடம். தாயைக் கொன்றவனை ஒதுக்கி வைக்கவில்லை. அங்கே கொஞ்சநேரம் நின்றுவிட்டேன்.

மத்தியானம் மெஹரிஸுஷி. ஊறவைத்த கடுகுக்கீரை இலையில் சுற்றிய சோற்று உருண்டை. கண் பிதுங்க வாயைத் திறந்தால்தான் உள்ளே போகும் என்பதால் அந்தப் பெயராம். நம் கட்டுச்சோற்றுக்குத் தங்கச்சி.

இனி வெடிக்கு வருகிறேன். ஓபோன் என்பது முன்னோர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நாட்கள். நம் மகாளய பட்சம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இறந்தபின் வரும் முதல் ஓபோனுக்குத் தனி மரியாதை, ஹத்ஸுபோன் என்பார்கள். அந்த ஆத்மாக்களுக்காகத்தான் சுமார் 300 வருடங்களுக்கு முன்பு இங்கே வாணம் விட ஆரம்பித்தார்கள். அதாவது, துக்க வீட்டார்தான் வெடி விடுகிறார்கள்! ஒலிபெருக்கியில் இறந்தவரைப் பற்றி நாலு வார்த்தை. அப்புறம் இருட்டில் வாணம் ஏறுகிறது. அத்தனை ஜனமும் பேச்சை நிறுத்திவிட்டது. என் பக்கத்திலிருந்த பாட்டி கைகூப்பினார்.

அதற்குப் பிறகு ஒரே அமர்க்களம். இரண்டு படகுகள் முழுவேகத்தில் ஓட, பற்றவைத்த வாணக் குண்டுகளைக் கடலுக்குள் ஒவ்வொன்றாக எறிகிறார்கள். தண்ணீரின் மேல் அரைவட்டப் பூவாக விரிகிறது. லட்சுமி வெடியைக் கையில் பற்றவைத்து எறிகிற சித்தப்பா இருந்திருந்தால் நீந்திப்போயாவது அந்தப் படகில் ஏறியிருப்பார். பிறகு மிதவையில் வைத்த 250 கிலோ குண்டு ஒன்று, 600 மீட்டர் அகலத்துக்கு விரிந்தது. கடைசியில் ஓனிகாஜோ பாறைமேலேயே வைத்து வெடித்தார்கள். குகைகளில் மோதித் திரும்பிய சத்தம் காதில் விழவில்லை, நெஞ்செலும்பில் விழுந்தது.

திரும்பும்போது மலைப்பாதையில் ஒரே நெரிசல். நகோயா சேரும்போது மணி மூன்று.

இந்தத் தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன். அதற்குள் வருஷத் திதி முடிந்திருக்கும் இல்லையா? வெடி வாங்கி வரட்டுமா, வேண்டாமா? போன் செய்து சொல்லுங்கள், நீங்கள் சொல்கிறபடி.

உங்கள் அன்புள்ள,
பெரியவன்