வாளிக்குள் ஒரு கடிகாரம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு, அம்மா எழுதுவது.

நாங்கள் நலம். நாங்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய் நிறுத்தித் தங்கும் வேனும் நலம். வேனின் பக்கவாட்டில் விரிக்கிற பந்தல் விஷயமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்ல முடியாது. வேனுக்குள் எந்த மூலையில் நின்று பேசினாலும் உங்கப்பாவின் காது மூன்றடிக்குள் இருக்கிறது.

நேற்று ராத்திரி பேசும்போது, "பின்னால என்னம்மா டொக் டொக்குன்னு, புதுக் கடிகாரமா?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். பொய். அது வாளி. உங்கப்பா போனை வாங்கி, "ஒழுகலெல்லாம் சுத்தமா நின்னுபோச்சு, நானே அடைச்சிட்டேன்" என்று உன்னிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாரே, அப்போதும் அது வாசலில் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. நான் போய் வாளிக்குள் ஒரு துண்டைப் போட்டேன். அவருக்கு அந்தச் சத்தம் எட்டாது. நான் ரகசியம் பேசினால் மட்டும் எட்டும்.

புதுப் பந்தலே வாங்கித் தருகிறேன் என்றாய் பார், அது வேண்டாம். பணத்துக்காகச் சொல்லவில்லை. காரணம் வேறே இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இத்தனை முன்னுரை.

வேன் வந்த முதல் வாரத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பக்கவாட்டில் ஒரு நீளமான அலுமினியப் பெட்டி, அதற்குள் சுருட்டிய வினைல் துணி. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற வெளியே வரும். ஆனிங் என்று உங்கப்பா சொல்வார், எனக்குப் பந்தல்தான். மூன்று மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், வெளி ஓரத்தைத் தாங்க இரண்டு கால். உங்கப்பா ரசமட்டத்தை வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடி, காலை ஏற்றி இறக்கி, குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்வரை விடவில்லை. "பாத்தியா, ஒரு நூல் பிசகல." கூரை என்றால் சரிவு வேண்டாமா என்று கேட்டேன். அதெல்லாம் ஓட்டு வீட்டுக்கு என்றார்.

அன்று ராத்திரி மழை பெய்தது. விடிந்து பார்த்தால் பந்தலுக்கு வயிறு போட்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து மனக்கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒரு சதுர மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் நின்றாலே 50 லிட்டர், 50 கிலோ. நீ கல்லூரியில் சேர்ந்தபோது இருந்த எடை. 'பெண்ணைத் தூக்கிப் பந்தல்மேல் உட்கார வைத்த மாதிரி அல்லவா இருக்கிறது, கால் வளைந்துவிடுமே' என்று நான் நினைத்து முடிப்பதற்குள், துடைப்பக் கட்டையால் கீழேயிருந்து ஒரு குத்து விட்டார். தண்ணீர் அவர் திட்டமிட்டபடியே ஓரமாகத்தான் போய் விழுந்தது. அந்த ஓரத்தில்தான் என் நாற்காலி. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்களே, நான் இரண்டையும் அளந்தேன். "பாரு, ஒரு சொட்டு மிச்சமில்ல" என்றார் மனிதர், பந்தலைப் பார்த்துக்கொண்டே.

அதற்கப்புறம் பந்தலின் ஒரு காலை மட்டும் ஒரு சாண் இறக்கி வைத்தோம். தண்ணீர் ஒரு மூலையாக ஓடி விழ ஆரம்பித்தது. யோசனை யாருடையது என்று இப்போது கேட்டால் உங்கப்பாவுக்கு ஞாபகமில்லை.

நன்றாகத்தான் இருந்தது. சாயங்கால வெயில் கண்ணைக் கூசுகிறது என்று, வெளி ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி ஒரு பழைய திரைச்சீலையைத் தொங்கவிட்டேன். காற்றுக்கு அழகாக ஆடும். இரண்டு வாரம் வைத்திருந்தேன், அப்புறம் எடுத்துவிட்டேன். அடுத்த மழைக்குத்தான் ஒழுகல் ஆரம்பித்தது.

முதலில் உங்கப்பா ஒழுகலை ஒத்துக்கொள்ளவே இல்லை. துணி ராத்திரியில் குளிர்ந்து போகும், காற்றிலிருக்கும் ஈரம் அடிப்பக்கத்தில் பனியாகப் படியும், அதுதான் சொட்டுகிறது என்றார். அப்படியும் நடக்கும்தான், தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் மழையில்லாத தெளிந்த ராத்திரியில் ஈரம் பூத்தால்தானே அது பனி? இது மழை பெய்தால் மட்டும் சொட்டியது, அதுவும் குறிபார்த்து அவருடைய நாற்காலியில். மூன்றாம் நாள் ஈர வேட்டியோடு எழுந்தவர், பனி என்ற பேச்சை விட்டுவிட்டு இடுக்கு அடைக்கும் சிலிக்கான் பசை டியூபைக் கையில் எடுத்தார்.

அதிலிருந்து எனக்குப் பிடித்தது சனியன். அலுமினியப் பெட்டி வேனின் உடம்போடு சேரும் இடத்தில் மேலே ஒரு கோடு. ஒழுகியது. அதன்மேல் இன்னொரு கோடு. அதுவும் ஒழுகியது. மூன்றாவது கோடு போடும்போது, பழைய சிலிக்கான்மேல் புது சிலிக்கான் ஒட்டாது, முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும், அந்த இடத்துக்கு பியூட்டைல் டேப் என்கிற ரப்பர் ஒட்டுப்பட்டை இன்னும் நல்லது என்று பக்கத்தில் வேன் நிறுத்தியிருந்த ஒரு பெரியவர் தன்மையாகச் சொன்னார். உங்கப்பா அவரிடம் தலையாட்டிவிட்டு, உள்ளே வந்து என்னிடம், "அவர் வேனும்தான் ஒழுகுது" என்றார். ஒழுகவில்லை. நான் போய்ப் பார்த்தேன்.

இதற்கு நடுவில் ஒரு நாள் மழையிலேயே கிளம்ப வேண்டியதாகிவிட்டது. ஈரத்தோடு சுருட்டினோம். வினைல் துணியை அப்படியே விட்டால் பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளி விழுந்துவிடும், மறுநாளே விரித்துக் காயவைக்க வேண்டும். அதனால் அடுத்த இடத்துக்குப் போனதும் முதல் வேலையாக விரித்தோம். பளீரென்று வெயில். வானத்தில் மேகத்தின் சுவடே இல்லை. கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றியதும், சுருளுக்குள் சுருண்டு படுத்திருந்த நேற்றைய மழை மொத்தமும் எங்கள்மேல் கொட்டியது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பது இதுதான் போலிருக்கிறது. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த குழந்தைகள் கைதட்டினார்கள். உங்கப்பா குனிந்து வணக்கம் வைத்தார். அந்த மனிதரோடு இத்தனை வருஷம் எப்படி ஓட்டினாய் என்று நீ கேட்பாயே, இப்படித்தான்.

போன மாதம் நான்தான் சொன்னேன், கண்ட இடத்தில் பூசாமல் ஓட்டை எங்கே என்று முதலில் பார்ப்போம் என்று. அவர் ஏணியில் நின்று குவளையால் தண்ணீர் ஊற்ற வேண்டும், நான் கீழே சாக்பீஸோடு நின்று வட்டம் போட வேண்டும். தாழ்ந்த ஓரத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். மேலேயே ஊற்றினால் எல்லாம் நனைந்து, எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. சொட்டும் இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்றும் இல்லை. துளை வழியாக இறங்கிய நீர் துணியின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டே சரிவில் வழிந்து, ஏதாவது மடிப்போ கம்பியோ தடுக்கும் இடத்தில்தான் விழும்.

ஒரு முழம் உள்ளே வந்ததும் முதல் முத்து தெரிந்தது. வட்டம் போட்டேன். பக்கத்திலேயே இன்னொன்று, வட்டம் போட்டேன். மூன்றாவதற்குப் போட்டதும் கை நின்றுவிட்டது. அண்ணாந்து எண்ணினேன். ஆறு. ஒரே வரிசையில். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சாண். கண்ணு, எந்த மழையாவது சாண் அளந்து ஒழுகுமா?

திரைச்சீலையை நான் ஊக்குக் குத்தித்தான் மாட்டியிருந்தேன். ஆறு ஊக்கு.

ஊக்குத் துளை என்ன பெரிய துளை என்று நினைக்காதே. நெய்த துணியாக இருந்திருந்தால் நூல் கொஞ்சம் விலகி மறுபடி சேர்ந்துகொள்ளும். பூச்சுப் பூசிய வினைலில் குத்தினால் குத்தியதுதான். போதாக்குறைக்குத் திரைச்சீலை காற்றில் அழகாக ஆடியது என்றேனே, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஊக்கு துணியை இழுத்து இழுத்து, எள்ளளவு துளையை நகம் நுழையும் கீறலாக்கிவிட்டது.

"என்ன, ஏதாவது தெரியுதா?" என்று மேலேயிருந்து கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் மூன்று வட்டத்தையும் அழித்தேன். "நான் சொல்லல? பெட்டி சேர்ற இடந்தான்" என்று ஏணியை நகர்த்திக்கொண்டு போய் நான்காவது கோடு போட்டார்.

மறுநாள் விடியற்காலை அவர் நடக்கப் போனதும், வேனோடு வந்த பழுதுபார்க்கும் பையிலிருந்து விரல் நீள வினைல் பசை டியூபை எடுத்தேன். துளையைச் சுற்றி ஸ்பிரிட்டால் துடைத்து, ஈரம் போகக் காயவிட்டு, மேலே ஒரு பொட்டு, கீழே ஒரு பொட்டு. ஏணியில் ஏறி இறங்கி முழங்கால் கழன்றுவிட்டது. ஐந்து துளை முடிந்ததும் டியூப் தீர்ந்துவிட்டது. ஆறாவதுதான் நேற்று நீ கேட்ட கடிகாரம்.

அன்றைக்கு மழை வந்தது. நாற்காலி நனையவில்லை. உங்கப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! அன்றிலிருந்து எங்கே நிறுத்தினாலும், சிலிக்கான் டியூபோடு பக்கத்து வேன்களுக்குப் போய் "நாலு கோடு போடணும், மூணோட நிறுத்திடக் கூடாது" என்று பாடம் நடத்துகிறார். ஓரமாகச் சொட்டும் அந்த ஒன்றை மரத்துத் தண்ணீர் என்று முடிவு கட்டிவிட்டார்.

புதுப் பந்தல் வந்தால் பழசைக் கழற்றி வெயிலில் விரித்துப் போடுவார். ஐந்து பொட்டும் ஒரு ஓட்டையும் சாண் சாணாக வரிசைகட்டி நிற்கும். அவருக்குக் காதுதான் மந்தம், கண் கூர்மை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

நீ அடுத்த வாரம் வரும்போது வினைல் பசை டியூப் ஒன்று மட்டும் வாங்கி வா, பைக்கு அடியில் துணியோடு துணியாக. பார்த்துவிட்டால் உன் மழைக்கோட்டுக்கு என்று சொல். அதுவரைக்கும் நான் அந்த ஆறாவது துளைக்கு நேர் கீழே ஒரு நூலைக் கட்டி வாளிக்குள் விட்டிருக்கிறேன். நூலைப் பிடித்துக்கொண்டு நீர் சத்தமில்லாமல் இறங்குகிறது.

இன்னொன்று. நேற்று நான் போனில் உனக்கு ஆமாம் கடிகாரம்தான் என்று சொன்னதைக் கேட்டுவிட்டிருக்கிறார். காலையிலிருந்து "எந்தக் கடிகாரம், எங்க இருக்கு?" என்று வேன் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறார். வரும்போது கடிகாரமும் ஒன்று வாங்கி வந்துவிடு. கொஞ்சம் சத்தமாக ஓடுவதாகப் பார்.

அன்புடன்,
அம்மா