கடற்கரைப் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு: பிள்ளைகளுக்கு இசைச் சுரம் எழுதப் படிக்கச் சொல்லித்தரக் கேளுங்கள்

தொண்டி முதல் மூக்கையூர் வரை, பாம்பன் தாண்டி இராமேசுவரம் வரை உள்ள அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களான பெற்றோர்களுக்கும் வணக்கம்.

நான் ராமநாதபுரம் அரசு இசைப்பள்ளியில் குரலிசை படிக்கும் மாணவி. ஊர் தங்கச்சிமடம். நம் பள்ளிகளில் வாரம் இரண்டு பாடவேளை இசையின் அடிப்படையைக் கற்றுத்தரக் கேட்டு நீங்கள் தீர்மானம் போட வேண்டும். ஆண்டு விழாவுக்கு ஒரு பாட்டு என்பதோடு நிற்காமல், ச ரி க ம என்று சுரம் எழுதவும், எழுதியதைப் பார்த்துப் பாடவும், தாளம் போடவும் பிள்ளைகளுக்கு வர வேண்டும்.

நம் பிள்ளைகளுக்குக் கேள்வி ஞானம் நிறையவே இருக்கிறது. கோயில் கொடையிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் கந்தூரியிலும் கேட்டதை மறுநாளே பாடுகிறார்கள். கீபோர்டில் தேடி வாசித்தும்விடுகிறார்கள். பாடுகிறவர் தொண்டை கட்டி, “அரைக்கட்டை இறக்கிக்கோ தம்பி” என்றால்தான் திணறல். சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானைத் தேடுவார்கள்; சாதாரண ஆர்மோனியத்தில் அதுவும் கிடையாது. ஒரு ஸ்தாயிக்குள், அதாவது ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வரைக்குள், 12 சுரத்தானங்கள், எதை ‘ச’ என்று வைத்தாலும் மற்றவை அதே இடைவெளியில்தான் வரும் என்று புரிந்த பிள்ளை எந்தச் சுருதியிலும் வாசிக்கும். ‘ஒரு கட்டை’ என்று சொல்லும் C-யிலிருந்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் வருவது 29-வது மேளமான (தாய் ராகமான) சங்கராபரணம். மேற்கத்திய இசையின் மேஜர் ஸ்கேலும் அதுதான். இரண்டு மரபுக்கும் இப்படி ஒரே வாசல் வழியாகப் போகலாம்.

எழுதும் முறைக்குப் பயப்பட வேண்டாம். சுரத்தின் மேலே புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி, கீழே வைத்தால் கீழ் ஸ்தாயி. காற்புள்ளி ஓர் அட்சரம் (ஒரு சுரத்தின் அளவு) நீட்டும், அரைப்புள்ளி இரண்டு. மேலே கோடு இழுத்தால் வேகம் இரட்டிக்கும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சீக்கிரமே வந்துவிடும். தொடக்கப் பயிற்சியான சரளி வரிசையை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) பிசகாமல் பாடத்தான் மாதக்கணக்காகும். அதற்கு, எதிரே ஓர் ஆசிரியர் உட்கார்ந்திருக்க வேண்டும். போனைப் பார்த்துப் பாடினால் சுருதி விலகுவதை யார் சொல்வது?

கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-ல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகளைச் சுப்பராம தீட்சிதர் சுர அசைவைக் காட்டும் கமகக் குறிகளோடு எழுதி, 1904-ல் அதே ஊரில் அச்சேற்றினார். இன்றைக்கும் வித்துவான்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். நம் கரையில் வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டுகளை நினைத்தால் எனக்குப் பதைப்பாக இருக்கிறது. பாடத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. சொல்லை மட்டும் எழுதிவைத்தால் மெட்டு போய்விடும். தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து அதைச் சுரப்படுத்த அவர் பேரப்பிள்ளையைவிட யார் பொருத்தம்? அந்தப் பிள்ளைக்குச் சுரம் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ராமநாதபுரம் சேதுபதி சமஸ்தான வித்துவான் ‘பூச்சி’ சீனிவாச ஐயங்காரிடம் படித்தவர்தான், இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் தந்த அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். இப்படிப்பட்ட மாவட்டத்தில் கடற்கரைப் பிள்ளைகள் இசைக்கு வெளியே நிற்பதை நான் ஏற்கமாட்டேன்.

“பாட்டு சோறு போடுமா?” என்று என் வீட்டிலும் கேட்டார்கள். எல்லாருக்கும் போடாது. ஆனால் பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் நடத்தும் கலைத் திருவிழாவில் பரிசு வாங்கும் பிள்ளைக்கு மேற்கொண்டு படிக்க ஒரு வழி வேண்டாமா? இராமேசுவரத்திலிருந்து இசைப்பள்ளிக்கு ஏறக்குறைய 55 கி.மீ. சின்னப் பிள்ளைகள் தினமும் போய்வர முடியாது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கும் பெரும்பாலும் விடுமுறை. ஒரு வகுப்பறை, கரும்பலகை, சுருதிப்பெட்டி இருந்தால் அப்போதே தொடங்கலாம். இசைப்பள்ளியில் படித்து முடித்தவர்களைச் சொல்லித்தரக் கூப்பிடுங்கள், மதிப்பூதியமும் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பள்ளி திறந்ததும் நிரந்தர இசையாசிரியர் கேட்டுப் பள்ளிக் கல்வித் துறைக்கு எழுதுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். தங்கச்சிமடம் பக்கம் எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் நான் வந்து பேசுகிறேன், முதல் வகுப்பையும் நடத்திக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்து இசை மாணவி