பாப்பாவுக்கு, பாவூர்சத்திரத்திலிருந்து

பாவூர்சத்திரம்,
புரட்டாசி 20.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று. டி.வி. பார்க்காதே என்றால் கேட்பதில்லை. அத்தை வீட்டு வழக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மழை இன்னும் பிடிக்கவில்லை. போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறேனே என்று நினைக்காதே. போன் என்றால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

உன் புது முகவரி வந்தது. பிளாக்லி, மோர்ட்டன் இன் மார்ஷ், குளோஸ்டர்ஷயர், இங்கிலாந்து. தாளில் எழுதி பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் முகவரியாகப் பார்த்தவன் நான். அதில் ஒரு பெயர் குறைந்தாலும் கண்ணில் படும். சரி, அவசரத்தில் அனுப்பியிருப்பாய்.

ஆக்ஸ்ஃபோர்டில் வேலையை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரத்தில் எதற்கு வீடு என்று அம்மா கேட்டாள். மோர்ட்டனில் ஏறினால் ஆக்ஸ்ஃபோர்டுக்கு நேர் ரயில், காற்றும் நல்ல காற்று என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்லு.

நீ போன தடவை கொண்டுவந்த ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கிலோமீட்டருக்கு 4 சென்டிமீட்டர். வேலிகூடத் தெரிகிறது. தபால்காரனுக்கு இப்படி ஒன்று கொடுத்திருந்தால் எவ்வளவு செருப்பு மிஞ்சியிருக்கும்! உன் ஊர் பள்ளத்தில் இருக்கிறது. கேம்ப்டன் பக்கம் கிளம்பினால் எடுத்த எடுப்பிலேயே ஏற்றம். சாலையின் மேல் ஒற்றை அம்புக்குறி இருந்தால் ஏழு அடிக்கு ஓர் அடி முதல் ஐந்து அடிக்கு ஓர் அடி வரை சரிவு, இரட்டை அம்பு என்றால் அதைவிடச் செங்குத்து. அம்பு இறக்கத்தைப் பார்த்து இருக்கும். நீ போகிற பக்கத்துக்கு எதிராக அம்பு இருந்தால் முன்கூட்டியே கியரைக் குறைத்துவிடு. பாதி ஏற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு கியர் மாற்றினால் செயின் கழன்றுவிடும்.

குன்றின் உச்சியில் இருக்கிற பிராட்வே டவர் வரை ஏறினாய் என்று கேள்விப்பட்டதும் டீக்கடையில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் குன்று 312 மீட்டர், அந்த வட்டாரத்தில் அதைவிட உயரம் கிளீவ் ஹில் ஒன்றுதான் என்றேன். ஒருத்தருக்கும் விளங்கவில்லை. டோவர்ஸ் ஹில்லில் 1612 வாக்கில் தொடங்கிய விளையாட்டைப் பற்றிச் சொன்னேன் பார், இரண்டு பேர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கணுக்காலுக்கு மேலே உதைத்துக்கொள்வார்கள் என்று, அதற்குத்தான் அத்தனை பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நம் ஊர்த் திருவிழாவில் வைக்கலாமா என்று விவாதம் நடந்தது. கடைசியில் கடைக்காரர், “மாப்பிள்ளையும் கூடப் போறாராய்யா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பின் விளக்கு போட்டாயா? போன கடிதத்திலும் கேட்டேன், பதில் இல்லை. பேட்டரி தீர்ந்த விளக்கும் இல்லாத விளக்கும் ஒன்றுதான். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்கப்புறம் ஆபீஸ் விட்டு ரயிலில் இறங்கும்போதே இருட்டியிருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் பொழுது அடைந்துவிடுகிறது என்று நீயே சொல்லியிருக்கிறாய். இரண்டு பக்கமும் கல் கட்டு, நடுவே ஒரு வண்டி போகிற பாதை, அதிலும் வேறு பலகை இல்லையென்றால் மணிக்கு 60 மைல் வரை ஓட்டலாம் என்பது என்ன சட்டமோ. சைக்கிளைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்று அவர்கள் விதியிலே இருக்கிறதாமே. அந்தப் பாதையின் மொத்த அகலத்தில் ஒன்றரை மீட்டருக்கு எங்கே போவான்? ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை என்கிறாய். மண்டை சட்டத்துக்காகவா இருக்கிறது?

பெரிய சாலைகளில் போகாதே. ஃபாஸ் வே ரோமானியர்கள் போட்டது, நேராக இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னாய். நேராக இருந்தால் லாரிக்காரன் மிதிப்பான். ஸ்னோஸ்ஹில் வழியாகச் சுற்றினால் நேரம் கூடினாலும் பரவாயில்லை. அப்புறம் காற்று. அங்கே பெரும்பாலும் தென்மேற்குக் காற்று. கிளம்பும்போதே எதிர்க்காற்றில் போ, களைத்துத் திரும்பும்போது அது முதுகைத் தள்ளும். ஆடி மாதம் செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் பையோடு மேற்கே மிதித்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

இந்த மாதங்களில் பஞ்சர் அதிகமாக இருக்கும். பறவைகள் கூடு கட்டும் காலம் முடிந்தபிறகுதான் வேலியை வெட்டுவார்களாம், வெட்டின முள் பாதையெல்லாம் கிடக்கும். நமக்கு வேலமுள், உனக்கு அது. டியூபை ஒட்டிவிட்டு அப்படியே மாட்டிவிடாதே. டயரின் உள்பக்கம் விரல் நுனியை மெதுவாக ஓட்டு, முறிந்துபோன முள்முனை ரப்பருக்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும். நகத்தால் நெம்பினால் வராது, வெளியிலிருந்து டயரை மடக்கிப் பிடித்தால் தலை நீட்டும். எட்டாவது படிக்கும்போதே சொல்லிக் கொடுத்தேன், அப்போது உன் அண்ணன் அழுதான், நீ சளைக்காமல் எடுத்தாய். எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்வாய் என்று அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அதற்காக எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

மே மாதம் கேம்ப்டன் மார்க்கெட் ஹாலில் எடுத்த படம் போனில் இருக்கிறது. 1627-ல் கட்டியது என்று எழுதியிருந்தாயே, தேய்ந்து மேடும் பள்ளமுமான கல் தரை. தூணில் உன் பச்சை சைக்கிளும் கறுப்பு சைக்கிளும் சாய்ந்திருக்கும். அதற்கப்புறம் வந்த படங்களில் மலை இருக்கிறது, ஆடு இருக்கிறது, பச்சை சைக்கிள் இருக்கிறது. நீ ஒன்றிலும் இல்லை. எடுக்க ஆள் இல்லை போலிருக்கிறது. வழியில் போகிற யாரிடமாவது கொடுத்து எடுக்கச் சொல். அம்மா நீ இளைத்துவிட்டாயா என்று கேட்கிறாள், நான் என்னத்தைச் சொல்ல?

கண் ஆபரேஷன் அன்றைக்கு நீ கூப்பிடவில்லை. வேலை இருந்திருக்கும் என்றுதான் நானும் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மூன்று மணி நேரம் குன்று ஏறுகிறவளுக்கு ஐந்து நிமிஷம் பேச மூச்சு இல்லாமல் போகுமா? கோபத்தில் எழுதவில்லை. உடம்பு அலுக்கிற வரைக்கும் மிதித்துவிட்டு வந்து படுத்தால் தூக்கம் வரும், எனக்கும் தெரியும். அப்படி மிதிக்கிறாயா, ஆசைக்கு மிதிக்கிறாயா என்பது படத்தில் தெரிய மாட்டேன் என்கிறது.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வராதே, விட்டு விட்டுப் பிடி. ஈர இலை மேல் திருப்பாதே. பின் விளக்கு.

என் பாஸ்போர்ட் இன்னும் செல்லும். தை பிறந்து குளிர் குறைந்ததும் அம்மாவும் நானும் ஒரு மாதம் வந்து இருக்கலாமா என்று யோசிக்கிறோம். அம்மாவுக்குத் தெரியாது, யோசிக்கிறது நான்தான். விசாவுக்கு என்னென்ன காகிதம் வேண்டும், யார் பெயரில் அழைப்பு எழுத வேண்டும் என்று சொல்லு. அந்த வீட்டில் எத்தனை அறை? ஏற்றத்தில் என்னால் முடியாது, தள்ளிக்கொண்டு வருவேன். எனக்கு ஓட்ட அந்தக் கறுப்பு சைக்கிள் அங்கே இருக்கிறதா, இல்லை வாடகைக்குத்தான் எடுக்க வேண்டுமா என்றும் எழுது. இதற்கு மட்டும் போனில் சொல்லாதே, கடிதமாகவே போடு, என் பெயருக்கு.

அன்புடன்,
அப்பா