14 வயதில் வருகிறவனையும் உள்ளே விடுங்கள், மாஸ்டர்

வடசென்னையில் பிள்ளைகளுக்கு பாஸ்கெட்பால் பழக்கும் மாஸ்டர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். திருவொற்றியூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம் ஆகும்வரை நானும் பந்தும் கையுமாக அலைந்தவன்தான். ஆனால் இந்த மடல் எனக்காக இல்லை. என் அக்கா மகனுக்காக எழுதுகிறேன். அவனைப் போல உங்கள் கோர்ட்டுக்கு வெளியே கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மற்ற பிள்ளைகளுக்காகவும்தான்.

அக்காவைக் கொடுத்தது எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில். அக்கா வீட்டுக்காரர் முகத்துவாரத்தில் வலை போடுகிறவர். பையன் நடக்கப் பழகியதற்கும் நீந்தப் பழகியதற்கும் அதிக நாள் இடைவெளி கிடையாது. பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டுத் தண்ணீரில் இறங்குவான். அக்கா கரையில் நின்று கத்தினால்தான் ஏறுவான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து கொசஸ்தலை ஆற்றில் இறங்கி முகத்துவாரம்வரை பரவியது. நான் போய்ப் பார்த்தபோது அக்கா வீட்டுக்காரரின் ஃபைபர் படகில், தண்ணீர் தொடுகிற உயரம்வரை தார் பூசினது போல இருந்தது. வலையைத் தொட்டால் கை கருத்தது. எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் மட்டும் அப்படியே நின்றது. "இனிமே தண்ணில எறங்கினா கால ஒடச்சிடுவேன்" என்று அக்கா பையனிடம் சொல்லிவிட்டாள். அவனுக்கு அப்போது 12 வயது. கொஞ்ச நாள் பிடித்துவைத்த மாதிரி வீட்டிலேயே கிடந்தான். அப்புறம் பள்ளி மைதானத்தின் மூலையில், வலை இல்லாத ஒரு ரிங்கைக் கண்டுபிடித்தான்.

போன கோடை விடுமுறையில் ஒரு செலக்‌ஷனுக்கு அழைத்துப்போனேன். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம். அவன் உயரத்தைப் பார்த்து முதலில் சந்தோஷமாகத்தான் கூப்பிட்டார்கள். எத்தனை வருஷமா ஆடறே என்று கேட்டதற்கு, "ஒம்பது மாசம் சார்" என்றான். வயசு? "பதினாலு." அதோடு சரி. "லேட்டு தம்பி. எட்டு வயசுல வந்தவனுக்கே இங்க எடம் இல்ல" என்று சொல்லி அடுத்த பையனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பந்தை அவன் கையில் கொடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த 14 என்ற எண்ணைக் கேட்டதும் எனக்கு அமெரிக்க பாஸ்கெட்பால் வீரர் டிம் டங்கன் ஞாபகம்தான் வந்தது. உங்களில் பலருக்குத் தெரிந்த பெயர். ஆனால் அவர் வாங்கிய கோப்பைகள் தெரிந்த அளவுக்கு, அவர் எந்த வயதில் தொடங்கினார் என்பது நம் கோர்ட்டுகளில் பேசப்படுவதில்லை.

டங்கன் பிறந்தது 1976இல், கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் குரோய் என்ற தீவில். அப்பா கொத்தனார், அம்மா மருத்துவச்சி. பிள்ளைகள் நீச்சல்காரர்கள். அக்கா டிரிசியா 1988 சியோல் ஒலிம்பிக்கிலேயே நீந்தியவர். தம்பிக்கு 400 மீட்டர் ஃப்ரீஸ்டைல். 1992 ஒலிம்பிக்குக்குப் போவதுதான் அவன் கனவு. 1989 செப்டம்பரில் ஹ்யூகோ புயல் அடித்து, தீவில் இருந்த ஒரே ஒலிம்பிக் அளவு நீச்சல் குளத்தை உடைத்துப் போட்டுவிட்டது. கடலில் பழகலாம் என்றார்கள். அவனுக்குச் சுறா பயம், இறங்கவில்லை. அடுத்த ஏப்ரலில், அவனுடைய 14ஆவது பிறந்தநாளுக்கு முந்தின நாள், அம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்துபோனார். அதற்குப் பிறகு அவன் போட்டி நீச்சல் பக்கமே திரும்பவில்லை.

ஒன்பதாம் வகுப்பில்தான் பாஸ்கெட்பால் ஆட வந்தான். ஆரம்பத்தில் ரொம்பத் தடுமாறினான். கூட நின்று சொல்லிக்கொடுத்தவர் பெரிய கோச் யாரும் இல்லை. இன்னொரு அக்காவின் வீட்டுக்காரர் ரிக்கி லோவரி. கல்லூரியில் ஆடின பழக்கம் உள்ளவர். வயசு ஆகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், பின்னாளில் டங்கன் ஆடின சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் கதையே வேறு.

பிறகு தீவுக்கு வந்த என்.பி.ஏ. ஆட்டக்காரர்களோடு, அதாவது அமெரிக்காவின் பெரிய தொழில்முறை பாஸ்கெட்பால் லீக்கில் ஆடுகிறவர்களோடு, ஒரு காட்சிப் போட்டி நடந்தது. அவர்களில் ஒருவரான அலான்சோ மோர்னிங்குக்கு ஈடுகொடுத்து ஆடினான் ஒரு உள்ளூர்ப் பையன் என்று வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தின் கோச் டேவ் ஓடம் காதுக்குச் செய்தி போனது. அவர் தேடிப் போய்க் கூட்டிவந்தார். கல்லூரியில் முதல் மேட்சில் டங்கன் எத்தனை பாயிண்ட் எடுத்தார் தெரியுமா? பூஜ்யம். அன்றைக்கு அவரைப் பார்த்து முடிவு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! அதன்பின் இடையிலேயே என்.பி.ஏ.வுக்குப் போயிருக்கலாம், கோடிகள் காத்துக்கொண்டிருந்தன. பட்டம் வாங்குகிறேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக நாலு வருஷமும் படித்து, உளவியலில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினார்.

1997இல் என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது, முதல் ஆளாக ஸ்பர்ஸ் அவரை எடுத்தது. அதற்கு முந்தின சீசனில் அந்த அணி ஜெயித்தது 20, தோற்றது 62. இவர் வந்த வருஷம் ஜெயித்தது 56. 1999, 2003, 2005, 2007, 2014 என்று ஐந்து என்.பி.ஏ. கோப்பைகள். 19 சீசனும் ஒரே அணி, ஒரே கோச், கிரெக் போபோவிச். மொத்தம் 26,496 பாயிண்ட், 15,091 ரீபவுண்ட் (ரிங்கில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது).

ஆனால் மாஸ்டர்களே, உங்களிடம் நான் முக்கியமாகப் பேச நினைப்பது அவருடைய போர்டு ஷாட்டைப் பற்றி, அதாவது ரிங்குக்குப் பின்னால் இருக்கும் பலகையில் பட்டு விழும்படி போடுவதைப் பற்றி. ரிங்குக்குப் பக்கவாட்டில், 45 டிகிரியில் நிற்பார். பந்தை நெற்றிக்கு மேலே தூக்குவார், அவசரமே இருக்காது. போர்டில் வரைந்திருக்கும் கட்டத்தின் மேல் மூலையில் பட்டு, பந்து உள்ளே விழும். எகிறிக் குதிப்பது இல்லை, சுற்றிக் காட்டுவது இல்லை. பார்க்கிறவர்கள் கைதட்ட அதில் ஒன்றுமே இல்லை என்றுகூடச் சொல்வார்கள். எனக்கு அதுதான் உயிர். இது எட்டு வயதில் வந்தால்தான் வரும் என்கிற வித்தை கிடையாது. ஒரு மூலையை ஆயிரம் தடவை பார்த்துப் பார்த்துப் போடுகிற பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பொறுமை நீச்சல் குளத்தில் வந்தது என்றுதான் நான் நம்புகிறேன். கோடு தெரியாத தண்ணீரில் எதிர்நீச்சல் போட்டு வளர்ந்த நம் குப்பத்துப் பிள்ளைகளுக்கு அது இல்லாமலா போகும்?

மயாமி அணியோடு நடந்த 2013 இறுதிப்போட்டியின் ஏழாவது ஆட்டத்தை மறக்க முடியாது. முதலில் நாலு ஆட்டம் ஜெயிக்கிற அணிக்குத்தான் கோப்பை, அது கடைசி ஆட்டம். நம் ஊரில் அப்போது காலை நேரம். கடையைத் திறக்காமல் டிவி முன் உட்கார்ந்திருந்தேன். கடைசி நிமிடத்தில் ஸ்பர்ஸ் ரெண்டே பாயிண்ட் பின்னால். ரிங்குக்கு அடியில் டங்கன் கையில் பந்து. போட்டார், விழவில்லை. திரும்பி வந்த பந்தைத் தட்டினார், அதுவும் விழவில்லை. மறுபக்கம் ஓடிப்போய் இரண்டு கையாலும் தரையில் ஓங்கி அடித்தார். மயாமி ஜெயித்தது. முப்பத்தேழு வயதில் இப்படி ஒரு தோல்வி. அடுத்த வருஷம் அதே மயாமியை 4-1 என்று அடித்துக் கோப்பையை வாங்கினார்.

2016 ஜூலையில் ஓய்வு. ஊர் ஊராக விடை பெறும் விழா எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. 2017இல் இர்மா, மரியா என்று இரண்டு புயல்கள் அந்தத் தீவுகளைப் புரட்டிப் போட்டபோது, நான் ஹ்யூகோவைப் பார்த்த பையன் என்று எழுதிப் பணம் திரட்டினார். தன் கையிலிருந்தும் கொடுத்து, தானே தீவுக்கும் போனார்.

நம் ஊரில் உதாரணம் இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை, இந்திய அணிக்குக் கேப்டனாக இருந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை நம் சென்னைக்காரர்தானே. டங்கனைச் சொல்லக் காரணம் அந்த 14 வயதும் அந்தப் புயலும்தான்.

உங்கள் கஷ்டமும் எனக்குத் தெரியும். ஒரு ரிங்குக்கு நாற்பது பிள்ளைகள், இருட்டினால் லைட் கிடையாது. சின்ன வயதிலிருந்து வருகிறவனை விட்டுவிட்டுப் புதியவனை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், வயதைக் கேட்காமல் உள்ளே விடுங்கள். ஷூ இல்லாமல் வந்தாலும் விடுங்கள். பந்தைக் கையில் கொடுத்து, 45 டிகிரியில் நிறுத்தி, அந்தக் கட்டத்தின் மேல் மூலையைக் காட்டுங்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொன்னால் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். கோர்ட்டைப் பெருக்க, பந்துக்குக் காற்றடிக்க, வருகைப் பதிவு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். படிவங்கள் எத்தனை வேண்டுமானாலும் என் கடையில் இலவசமாக ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன்.

பள்ளி ரிங்கின் போர்டில் கட்டம் அழிந்துபோயிருந்தது. என் கடையிலிருந்து சிவப்பு டேப்பை வாங்கிப்போய், மேசை மேல் ஸ்டூல் போட்டு ஏறி, அவனே ஒட்டியிருக்கிறான். எந்த நாள், எந்த நேரம் என்று உங்களில் ஒருவர் சொன்னால் போதும், மாஸ்டர். அழைத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
திருவொற்றியூரிலிருந்து ஒரு தாய்மாமன்