மூளைப் படத்தின் சிவப்புப் புள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேசும்போது மூளையில் எந்த இடம் இயங்குகிறது என்பதைக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. படம் ஒன்றைத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் வெளியிட்டிருந்தீர்கள். இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையை 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கிய ஊர் வேலூர். இத்தகைய செய்திகளை வெட்டி வைத்து மருத்துவரிடம் காட்டி விளக்கம் கேட்போர் இங்கே உண்டு என்பதால், சிவப்புப் புள்ளி ஒன்றுக்கு அம்புக்குறி இட்டு ‘பேச்சின் மையம்’ என்று எழுதியிருந்ததைக் குறித்துச் சிலவற்றைக் கூற விரும்புகிறேன்.

இந்த ஸ்கேன் நரம்பணுக்களின் இயக்கத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. இயங்கும் இடத்துக்கு ஆக்சிஜன் மிகுந்த இரத்தம் பாய்வதால் சில வினாடிகள் கழித்து ஏற்படும் சிறு காந்த மாற்றத்தையே அளக்கிறது. ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் பக்கமுள்ள சிறு கனசதுரங்களாக மூளையைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அந்த மாற்றம் பேச்சோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதற்கு ஒரு புள்ளியியல் மதிப்பைக் கணக்கிட்டு, குறித்த வரம்பைத் தாண்டியவற்றுக்கு மட்டும் வண்ணம் தீட்டுகிறார்கள். வரம்பைச் சற்றே தளர்த்தினால் சிவப்பு பரவும், இறுக்கினால் சுருங்கும்.

இந்த மதிப்பு மிக உயர்ந்திருக்கும் உச்சப்புள்ளியைக் கண்டறிவதில்தான் கவனம் மிகவும் தேவை. ஆய்வாளர் முதலில் ஒரு பகுதிக்கு எல்லை வரைந்துகொள்கிறார். அதற்குள் மிக உயர்ந்த மதிப்புள்ள கனசதுரம் எது என்பதை மென்பொருள் சொல்லிவிடும். அந்த விடை எல்லைக்கோட்டை ஒட்டியே அமைந்தால் ஐயப்பட வேண்டும். நம் மலையடிவாரக் கிராமங்களில் ஊர் எல்லைக்குள் உயரமான இடம் எது என்று அளந்தால் எல்லைக்கல் அருகிலுள்ள சரிவே விடையாக வரும், மலையுச்சியோ அடுத்த ஊரில் இருக்கும். அதைப் போன்றதே இதுவும். சுற்றியுள்ள எல்லாக் கனசதுரங்களையும்விட அது உயர்ந்ததா என்று எல்லைக்கு வெளியேயும் பார்த்த பிறகே அதை உச்சம் எனலாம். மேலும், இரைச்சலைக் குறைக்க ஆறு அல்லது எட்டு மில்லிமீட்டர் அளவுக்குப் படத்தை மழுங்கச் செய்வது வழக்கம். அருகருகே உள்ள இரண்டு உச்சங்கள் அப்போது ஒன்றாகிவிடக்கூடும். விடை தெரிந்த பிறகு அதே தரவைப் பார்த்து எல்லை வரைவது இன்னும் பெரிய பிழை. அந்தப் பகுதியில் கிடைக்கும் மதிப்பு மிகைப்பட்டதாகவே இருக்கும்.

எனவே இனி இத்தகைய படங்களை வெளியிடும்போது, அது ஒருவருடைய மூளையா, பலரின் சராசரியா, எல்லையை எதைக் கொண்டு வரைந்தார்கள், வரம்பு என்ன என்பவற்றைப் படத்தின் கீழே இரண்டு வரிகளில் தர வேண்டுகிறேன். மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனம் 152 பேரின் மூளைப் படங்களைச் சராசரியாக்கி அமைத்த பொதுச் சட்டகத்தின்படி உச்சத்தின் இடத்தைக் குறிக்கும் மூன்று எண்களையும் அச்சிட்டால் இன்னும் நன்று. அதில் முதல் எண் எதிர்மமாக இருந்தால் புள்ளி இடப்பக்கம் உள்ளது என்று பொருள்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. பெரும்பாலோருக்குப் பேச்சை நடத்துவது மூளையின் இடப்பாதி; தாங்கள் வெளியிட்ட படத்திலோ புள்ளி வலப்பக்கம் இருந்தது. மருத்துவர்களின் வழக்கப்படி அச்சிடப்பட்டதாயின், படத்தின் வலப்பக்கம் நோயாளியின் இடப்பக்கமாகும், அப்போது அது சரியே. ஆனால் அதை அறிய, படத்தின் ஓரத்தில் ‘இ’, ‘வ’ என்ற இரண்டு எழுத்துகளாவது இருந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காட்பாடி.