குடியாத்தத்து நண்பனுக்கு: உன் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு எந்த ஆயில்?

சத்துவாச்சாரி,
வேலூர்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. செகண்ட் ஹேண்டில் ஹூண்டாய் க்ரெட்டா வாங்கிவிட்டாய் என்று படித்ததும் மனதுக்கு ரொம்ப நிறைவாக இருந்தது. முட்டி வலியோடு கிளட்சை மிதித்து மிதித்து குடியாத்தத்திலிருந்து வேலூர் வரைக்கும் ஓட்டி வருவாயே, அந்தக் கஷ்டம் இனி இல்லை. தங்கச்சியை மாதா மாதம் சி.எம்.சி.க்கு அழைத்து வருவதற்கும் தோதான வண்டி. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் இங்கேதான் இருக்கிறாள். பேரன் ராத்திரியில் விழித்துக்கொண்டு பகலில் தூங்குகிறான். அக்னி நட்சத்திரம் இன்னும் முடியவில்லை, மத்தியானம் தெருவில் கால் வைக்க முடியவில்லை. உன் கேள்விக்கும் இந்த வெயிலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதால் இதையும் எழுதுகிறேன்.

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்று கேட்டிருந்தாய். ஒரு மெக்கானிக் “இது லைஃப்டைம் ஆயில், தொடவே வேண்டாம்” என்கிறார், இன்னொருவர் “எல்லா வண்டிக்கும் ஆகும், ஃபுல் சிந்தெடிக்” என்று ஒரு டப்பாவைக் காட்டுகிறார், உன் பையன் இணையத்தில் பார்த்து வெளிநாட்டு ஆயில் ஒன்றைத்தான் ஊற்ற வேண்டும் என்கிறான். மூன்று பேரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் மூன்று பேருமே முதலில் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. உன் கியர் பாக்ஸ் எந்த ஸ்பெசிஃபிகேஷன் (ஆயில் எப்படி இருக்க வேண்டும் என்று கார் கம்பெனி வகுத்த தரம்) ஆயிலுக்காகச் செய்யப்பட்டது? அந்தப் பதில்தான் முதலில் வேண்டும். சிந்தெடிக்கா, மினரலா, எந்தப் பிராண்டு என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

உன் வண்டி 2017 டீசல், 6 கியர், டார்க் கன்வர்ட்டர் (கிளட்ச் மிதிக்குப் பதிலாக ஆயில் வழியாகவே இன்ஜின் விசையைக் கடத்தும் பாகம்) வகை. அதற்கு ஹூண்டாய் சொல்வது எஸ்பி-4 என்ற ஸ்பெசிஃபிகேஷன். வண்டியோடு வரும் கையேட்டில் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருக்கும், இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில் எல்லாவற்றுக்கும் எது, எத்தனை லிட்டர் என்று. பழைய ஓனர் கையேட்டைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே எடுத்துப் பார். எஸ்பி-3 என்று ஒன்று கடையில் தாராளமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. அது பழைய 4 கியர் பெட்டிகளுக்கானது. நம்பர் ஒன்றுதானே வித்தியாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. எஸ்பி-3 கொஞ்சம் கெட்டியான ஆயில், எஸ்பி-4 மெல்லியது. எஸ்பி-4 என்றே போட்டு, பின்னால் ஆர்ஆர் என்ற எழுத்து இருந்தால் அது பின்சக்கர இழுவை உள்ள 8 கியர் பெட்டிக்கு. அதுவும் உனக்கு வேண்டாம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று உனக்குத் தோன்றும். இன்ஜின் ஆயிலில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வண்டி ஓடிவிடும். ஆட்டோமேட்டிக் பெட்டியில் அந்த ஆயில் மசகு மட்டும் இல்லை. இன்ஜினின் விசையை டார்க் கன்வர்ட்டரில் கடத்துவது அதுதான். வால்வு பாடியில் (ஆயில் போகும் வழிகளைத் திறந்து மூடும் பகுதி) அழுத்தமாகப் போய் கியர் மாற்றுவதும் அதுதான். சூட்டை எடுத்துக்கொண்டு கூலருக்குப் போவதும் அதுதான். இதையெல்லாம் விட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. உள்ளே கிளட்ச் பிளேட்டுகள் இந்த ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று பிடிக்கின்றன. பிடிக்கும்போது வழுக்கவும் கூடாது, வெடுக்கென்று கவ்வவும் கூடாது. அந்தப் பிடிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஆயிலில் கலந்திருக்கும் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர். ஒவ்வொரு கம்பெனியும் தன் பிளேட்டுக்கு ஏற்ற மாதிரி அந்தக் கலவையைக் கேட்டு வாங்குகிறது.

(1970கள் வரை அமெரிக்காவில் இந்த வேலைக்கு ஸ்பெர்ம் திமிங்கல எண்ணெயைச் சேர்த்து வந்தார்கள். 1973இல் அழியும் உயிரினங்களுக்கான சட்டம் வந்து அது நின்றது. அதற்கு ஈடான மாற்றைக் கண்டுபிடிக்க ரசாயனக்காரர்கள் ரொம்பவே பாடுபட்டார்கள். அவ்வளவு நுணுக்கமான பொருள் அது.)

கலவை பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் எங்கேயோ ஆயில் மாற்றிக்கொண்டு வந்தார். நன்றாகத்தான் ஓடியது. பைபாஸில் 60ஐத் தொட்டதும் ஒரு நடுக்கம், சீட்டின் அடியிலும் ஆக்சிலரேட்டர் மிதியிலும் சன்னமாக ஒரு அதிர்வு, இரண்டு மூன்று வினாடிதான், அப்புறம் நின்றுவிடும். காலை லேசாக எடுத்தால் போய்விடும், மறுபடி மிதித்தால் திரும்ப வரும். வீல் பேலன்ஸ் பார்த்தார், டயர் மாற்றினார், இன்ஜின் மவுண்டிங் மாற்றினார். கடைசியில் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் (ஓட்டத்தில் இன்ஜினையும் கியர் பெட்டியையும் நேராகப் பூட்டுவது) பிடித்துப் பிடித்து விடுவதுதான் காரணம் என்று தெரிந்தது. சரியான ஸ்பெசிஃபிகேஷன் ஆயிலைப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடியும் மாற்றிய பிறகு சரியானது. சீக்கிரம் கவனித்ததால் பிளேட் தப்பித்தது.

இப்போது சிந்தெடிக் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஆம்பூர் பிரியாணிக்கு எந்த அரிசி போட்டார்கள் என்று மட்டும் தெரிந்தால் மசாலா எப்படி இருக்கும் என்று சொல்ல முடியுமா? சிந்தெடிக் என்ற சொல் அரிசியைப் பற்றித்தான் சொல்கிறது, அதாவது பேஸ் ஆயில் என்ற அடிப்படை எண்ணெயைப் பற்றி. மேலே சொன்ன கலவைதான் மசாலா. நல்ல பேஸ் ஆயில் சூட்டில் சீக்கிரம் கெட்டுப் பசையாகாது, குளிரில் உறையாது, பல ஆயிரம் கிலோமீட்டர் அரைபட்டாலும் மெலிவது குறைவு. குளிரில் உறையாத குணத்துக்கு நமக்கு வேலை இல்லை. சூட்டைத் தாங்கும் குணம்தான் நமக்குத் தேவை. பச்சையப்பாஸ் பக்கமிருந்து சி.எம்.சி. வாசல் வரைக்கும் ஆற்காடு சாலையில் நீ எப்படிப் போவாய் என்று யோசித்துப் பார். ஓர் அடி நகர்வு, நிறுத்தம், மறுபடி ஓர் அடி. அந்த நேரத்தில் லாக்-அப் பிடிப்பதே இல்லை, டார்க் கன்வர்ட்டருக்குள் ஆயில் கலக்கிக் கலக்கியே சூடாகிறது. காற்றோட்டமும் கிடையாது, வெளியே 40 டிகிரி. ஏலகிரி மலையில் 14 கொண்டை ஊசி வளைவும் ஏசி போட்டு ஏறினால் அதே கதைதான். அதனால் எஸ்பி-4 ஸ்பெசிஃபிகேஷன் உள்ள நல்ல சிந்தெடிக் கிடைத்தால் தாராளமாகப் போடு, நம் ஊருக்கு அது பொருத்தம். எஸ்பி-4 என்று இல்லாத சிந்தெடிக் எவ்வளவு விலையாக இருந்தாலும் வேண்டாம்.

“எல்லா வண்டிக்கும்” என்று போட்ட டப்பாவைக் கேட்டாயே. அவற்றில் நல்லதும் இருக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பி, வாசகத்தை நிதானமாகப் படி. கார் கம்பெனி சோதித்து அனுமதித்தது என்பது வேறு, “இதற்குப் பயன்படுத்தலாம்” என்று ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது வேறு. ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்ரான் 6க்கு உரிமம் வாங்கிய டப்பாவில் ‘ஜே’ என்ற எழுத்தில் தொடங்கும் உரிம எண் இருக்கும். எல்லா ஸ்பெசிஃபிகேஷனுக்கும் அப்படி ஓர் அடையாளம் கிடையாது, அதனால்தான் இந்தக் குழப்பம். ஒரே டப்பாவில் டெக்ஸ்ரான் 3, எஸ்பி-3 போன்ற பழைய கெட்டி ரகங்களும், எஸ்பி-4, டொயோட்டா டபிள்யூஎஸ் போன்ற மெல்லிய ரகங்களும் சேர்ந்து எழுதியிருந்தால் நான் அதை வாங்க மாட்டேன். எல்லாமே மெல்லிய ரகங்களாக, எஸ்பி-4 பெயர் சொல்லி எழுதியிருந்தால், பெயர் பெற்ற தயாரிப்பாளராகவும் இருந்தால், யோசிக்கலாம். உன் நிலைமையில் நானாக இருந்தால் முதல் தடவை ஹூண்டாய் பெயரில் வரும் எஸ்பி-4ஐயே பில்லோடு வாங்கிவிடுவேன். கியர் பாக்ஸ் வேலைக்கு ஆகும் செலவோடு பார்த்தால் விலை வித்தியாசம் ஒன்றுமே இல்லை. இதைச் சேர்த்து ஊற்றினால் எந்த ஆயிலும் பொருந்திவிடும் என்று சின்ன பாட்டிலில் ஒரு மருந்து விற்கிறார்கள். அந்தப் பக்கமே போகாதே.

உன் மாப்பிள்ளையின் செலேரியோவுக்கும் சேர்த்து வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. அது ஏஎம்டி. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பெட்டி, கிளட்சையும் கியரையும் ஒரு கருவி இயக்குகிறது, அவ்வளவுதான். அதற்கு மேனுவல் கியர் ஆயில். சிவிடி என்ற இன்னொரு வகை ஆட்டோமேட்டிக் வண்டி யாராவது வைத்திருந்தால் அவர்களுக்கும் சொல். அதில் இரும்பு பெல்ட்டும் புல்லியும் வழுக்காமல் கவ்வ வேண்டும், அதற்கென்றே தனி ஆயில் இருக்கிறது. உன் வண்டிக்கான இந்த ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) அதில் போனால் பெட்டியே போய்விடும்.

லைஃப்டைம் என்று சொன்னவருக்கு என் பதில் இது. இசட்எஃப் என்ற ஜெர்மன் கம்பெனி பல பெரிய கார்களுக்கு ஆட்டோமேட்டிக் பெட்டி செய்து கொடுக்கிறது. அவர்களே தங்கள் பெட்டிகளுக்கு 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது 8 வருடத்துக்குள், ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். கையேட்டில் “கடினப் பயன்பாடு” என்று ஒரு பகுதி இருக்கும், அதையும் படி. 32 டிகிரிக்கு மேல் வெயிலில், நெரிசலில் ஓட்டுவது அந்தக் கணக்கில் வரும். வேலூரில் வருடத்தில் பாதிக்கு மேல் அப்படித்தானே. உன் வண்டி எட்டு வருடம் தாண்டியது, பழைய ஓனர் மாற்றினாரா என்பதற்குப் பில்லும் இல்லை. அதனால் மாற்றிவிடு.

மாற்றும் விதம்தான் இனி முக்கியம். டிரெயின் பிளக்கை (ஆயில் இறக்கும் அடி மூடி) கழற்றினால் மொத்த ஆயிலில் ஏறக்குறைய பாதிதான் வரும், மீதி டார்க் கன்வர்ட்டரிலும் மற்ற இடங்களிலும் தங்கிவிடும். அதனால் ஒரு தடவை இறக்கி ஊற்று, கொஞ்ச நாள் ஓட்டு, மறுபடி இறக்கி ஊற்று. மெஷின் வைத்து அழுத்தி ஃப்ளஷ் செய்கிறேன் என்றால், சரித்திரம் தெரியாத உன் வண்டிக்கு வேண்டாம். இறங்கும் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பார். சிவப்பு மங்கிப் பழுப்பாக இருந்தால் பயமில்லை. கருத்து, கருகிய வாடை வந்தால் என்னைக் கூப்பிடு. பாலில் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது என்று அர்த்தம், வண்டியை ஸ்டார்ட் பண்ணாதே. பிளக்கில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருப்பது தேய்மானம், சகஜம். விரலில் நெருடும் துகள் இருந்தால் அது வேறு விஷயம்.

உன் வண்டியில் ஆயில் அளவு பார்க்கும் கம்பி, அதாவது டிப்ஸ்டிக், கிடையாது. வண்டி மட்டமாக நின்று, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லீவரை ஒவ்வொரு நிலைக்கும் மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து, ஸ்கேனரில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) ஆயில் சூடு 50 டிகிரிக்கும் 60க்கும் நடுவில் இருக்கும்போது, அளவு பார்ப்பதற்கான லெவல் பிளக்கைத் திறக்க வேண்டும். ஆயில் மெல்லிய நூலாக வழிந்தால் சரியான அளவு. வரவே இல்லை என்றால் குறைவு, கொட்டினால் அதிகம். சூடு கூடக் கூட ஆயில் விரியும். அதனால் 80 டிகிரியில் பார்த்தால் அதிகமாகக் காட்டும், மூடும்போது குறைவாக நின்றுவிடும். இந்த மே மாதத்தில் குடியாத்தத்திலிருந்து ஓட்டி வந்து மத்தியானம் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினால், அந்தச் சூடு இறங்க ரொம்ப நேரம் ஆகும். முந்தின நாள் ராத்திரியே வண்டியை அங்கே விட்டுவிடு. காலையில் முதல் வேலையாகச் செய்யச் சொல். ஸ்கேனர் இல்லாமல் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதே.

அடுத்த தடவை தங்கச்சிக்கு செக்கப் இருக்கும்போது முந்தின நாளே கிளம்பி வாருங்கள், ராத்திரி எங்கள் வீட்டில் தங்கலாம். எங்கள் தெரு முனையில் இருக்கும் தம்பியிடம் ஸ்கேனர் உண்டு, பொறுமையாகவும் செய்வான். நீ ஆஸ்பத்திரி வேலையை ஆட்டோவில் போய்ப் பார், வண்டி பக்கத்தில் நான் நிற்கிறேன். கையேட்டையும், நீ வாங்கும் ஆயில் டப்பாவின் பின்பக்கத்தையும் படம் எடுத்து முன்னாடியே அனுப்பு. சீலைப் பிரிக்காமல் கொண்டு வா. வரும் வழியில் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் கிடைத்தால் ஒரு கிலோ வாங்கி வா, இவள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
உன் நண்பன்